படம் இருட்டு, வசனம் கேட்கவில்லை: கோளாறு பல நேரம் புரொஜெக்டர் கேபினில்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய படம் ஒன்று வெளியாகும் ஒவ்வொரு முறையும் இரண்டு குறைகள் தவறாமல் காதில் விழுகின்றன. ‘இரவுக் காட்சியில் ஒன்றுமே தெரியவில்லை’ என்பது ஒன்று. ‘பின்னணி இசை காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை’ என்பது இன்னொன்று. பழி உடனே ஒளிப்பதிவாளர் தலையிலும் இசையமைப்பாளர் தலையிலும் விழுகிறது. சில படங்களில் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அதே படம் ஒரு தியேட்டரில் பளிச்சென்று ஓடுகிறது, நாலு தெரு தள்ளி இன்னொரு தியேட்டரில் மங்கிப்போய் ஓடுகிறது. அதற்கு ஒளிப்பதிவாளர் என்ன செய்வார்? தியேட்டர்களில் புரொஜெக்டரையும் ஒலிக்கருவிகளையும் பராமரிக்கும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு, இந்தக் குறைகளில் பெரும்பகுதி எங்கே பிறக்கிறது என்பது தெரியும். வாசகர்களும் தெரிந்துகொண்டால் சரியான இடத்தில் கேள்வி கேட்க முடியும் என்பதால் எழுதுகிறோம்.

முதலில் ஒளி. படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீர்செய்யும் டிஐ (டிஜிட்டல் இன்டர்மீடியட்) அறையில் இருக்கும் திரையும் தியேட்டர் திரையும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள ஏற்பாடு. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் 2002-ல் சேர்ந்து தொடங்கிய டிசிஐ (டிஜிட்டல் சினிமா இனிஷியேட்டிவ்ஸ்) அமைப்பு, 2005-ல் வெளியிட்ட விதிமுறையில் இதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. திரையில் முழு வெள்ளையைக் காட்டினால் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். பழைய கணக்கில் 14 ஃபுட்-லாம்பர்ட். ஓரங்களில் இதைவிடச் சற்றுக் குறையலாம், 85 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. டிஐ அறையில் நிறத்தைச் சீர்செய்யும் கலரிஸ்ட், ஓர் இரவுக் காட்சியில் சுவரோரம் நிற்கும் ஆளின் முகத்தை எவ்வளவு தெரிய வைக்கலாம் என்று முடிவெடுப்பது இந்த 48-ஐ நம்பித்தான்.

தியேட்டரில் அந்த வெளிச்சம் பாதியாகிவிட்டால், படத்தில் வரும் பகல் நேரக் காட்சிகளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரியும், கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அடிபடுவது நிழல் பகுதிதான். படிக்கட்டு விளக்கு, எக்ஸிட் பலகை, செல்போன்கள் என்று அரங்கில் சிந்தும் வெளிச்சமும் திரையில் விழுகிறது. மங்கலான படத்தின் கருநிழல்களை அந்த வெளிச்சம் மூடிவிடும். சுவரோரம் நின்ற ஆள் சுவரோடு சுவராகிவிடுவார்.

ஒளி ஏன் குறைகிறது? பெரும்பாலான பழைய புரொஜெக்டர்களில் இருப்பது செனான் விளக்கு. அதன் உள்ளே இருக்கும் டங்ஸ்டன் முனைகள் எரிய எரிய ஆவியாகி, குவார்ட்ஸ் கண்ணாடியின் உள்பக்கம் கரியாகப் படிகின்றன. விளக்கு ‘போவதற்கு’ வெகு முன்பே வெளிச்சம் கணிசமாக இறங்கிவிடும். அதிக வாட் விளக்குக்கு ஆயுளும் குறைவு, விலையும் அதிகம். ‘எரியத்தானே செய்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?’ என்று முதலாளி கேட்கும்போது ஆபரேட்டரிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் ஒளி மீட்டரில் தெரியும் எண். சில இடங்களில் புது விளக்கையே, ஆயுள் நீளட்டும் என்று, குறைந்த ஆம்பியரில் ஓட்டுகிறார்கள். மாற்ற வேண்டிய விளக்கை இழுத்துப் பிடிக்கும் பழக்கம் இன்னும் மோசமானது. கண்ணாடி பலவீனமாகி உள்ளேயே வெடித்தால் ஒளியைக் குவிக்கும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்து போகும். விளக்கின் விலையில் மிச்சம் பிடித்தது அதில் காணாமல் போய்விடும்.

விளக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. குளிர்ந்திருக்கும்போதே விளக்கினுள் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம் இருப்பதால் முகத்தை முழுதும் மறைக்கும் கவசம், கையுறை, கனத்த கோட் இல்லாமல் தொடக்கூடாது. குவார்ட்ஸில் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் கருகி, அந்த இடத்திலிருந்தே விரிசல் விடும். மாட்டிய பிறகு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே விளக்கை முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று திசையிலும் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நடுவில் பளீரென்றும் மூலைகளில் மங்கலாகவும் இருக்கும். கடைசி ஆட்டம் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. விளக்கு அணைந்த பின் குளிர்விக்கும் விசிறி குறைந்தது 10 நிமிடமாவது ஓட வேண்டும்.

லேசர் புரொஜெக்டர் வந்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். விளக்கு மாற்றும் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் லேசரின் ஒளியும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். மாற்ற வேண்டிய நாள் என்று ஒன்று வராததால், அளந்து பார்க்கும் பழக்கமே விட்டுப்போகிறது.

கேபின் சுவரில் படம் பாய்ந்து வரும் கண்ணாடியையும் சொல்ல வேண்டும். கேபின் பக்கத்தைத் துடைப்பார்கள். அரங்கின் பக்கம் ஏணி போட்டால்தான் கைக்கு எட்டும், அதனால் அங்கே தூசி அப்படியே கிடக்கும். அதைத் துடைத்தாலே காசு செலவில்லாமல் வெளிச்சம் கூடும்.

3டி படங்களின் கதை வேறு. இரு கண்ணுக்கும் தனித்தனி ஒளியைப் பிரித்து அனுப்பும் போலரைசேஷன் முறையில் 3டி காட்டும்போது, பாதிக்கு மேல் ஒளி லென்ஸ் முன்னால் வைக்கும் வடிகட்டியிலும் பார்வையாளர் அணியும் கண்ணாடியிலும் போய்விடும். அந்தப் போலரைசேஷன் கலையாமல் இருக்கவும், ஒளி இழப்பை ஈடுகட்டவும் வெள்ளித் திரை போடுகிறார்கள். அந்தத் திரை ஒளியை எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறாமல் நேராகத் திருப்பி அனுப்பும். அதனால் 2டி படம் ஓடும்போது நடு இருக்கையில் இருப்பவருக்குத் திரை நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு தெரியும், ஓர இருக்கையில் இருப்பவருக்கு மறுபக்கம் மங்கும். 3டி காட்சி முடிந்து 2டி போடும்போது லென்ஸ் முன்னால் இருக்கும் வடிகட்டியை விலக்க மறந்தால், அடுத்த காட்சி முழுக்க இருட்டில்தான் ஓடும். விலக்க ஒரு நிமிடம் போதும்.

இனி திரை. அருகில் போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் பொடிப்பொடித் துளைகள் தெரியும். பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்களின் ஒலி வெளியே வருவதற்கான வழி அது. முதல் நாள் முதல் காட்சியில் திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவதும் காகிதத் துண்டு வெடிப்பதும் கொண்டாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கற்பூரப் புகைக்கரி திரையில் ஒட்டினால் துடைத்து எடுக்க முடியாது. தேய்த்தால் மேல்பூச்சு போய், அந்த இடம் தனியாகப் பளபளக்கும். கிழிந்தால் எப்படி ஒட்டினாலும் வெளிச்சக் காட்சியில் கோடு தெரியும். மங்கிய திரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பது இன்னும் கேடு. துளைகள் அடைபட்டு, வசனத்தின் கூர்மையான ஒலிகள் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

இப்போது ஒலிக்கு வருகிறோம். எங்கள் பார்வையில் மிக எளிதாகத் தீர்க்கக்கூடியதும், ஆனால் தீர்க்கப்படாமலே கிடப்பதும் இந்தக் குறைதான்.

வசனம், இசை, மற்ற ஓசைகளைச் சேர்த்து அமைக்கும் மிக்ஸிங் அரங்கில் ஒலி அளவு ஒரே இடத்தில் கட்டப்பட்டிருக்கும். திரைக்குப் பின்னால் உள்ள இடது, நடு, வலது ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றிலும் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை விட்டால் 85 டெசிபல் காட்ட வேண்டும். ஒலிச் செயலியின் ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) அப்போது 7-ல் இருக்கும். தியேட்டரிலும் அதே 7, அதே 85. இந்த இரண்டும் பொருந்தினால் மிக்ஸிங் பொறியாளர் கேட்டதையே நீங்களும் கேட்பீர்கள்.

நடப்பது என்ன? காட்சி தொடங்கும் முன் விளம்பரமும் டிரைலரும் ஓடுகின்றன. கவனத்தை இழுக்க வேண்டும் என்று அவற்றை உரக்க மிக்ஸ் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டிரைலர்களின் உரப்பை அளந்து வரம்பு கட்டும் ஏற்பாடு இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும். விளம்பரச் சத்தம் தாங்காமல் யாரோ புகார் சொல்ல, ஃபேடரை 5-க்கு இறக்குகிறார்கள். படம் தொடங்கிய பிறகு அதை ஏற்ற யாரும் கேபினில் இல்லை. பரவலாக இருக்கும் டால்பி ஒலிச் செயலிகளில் 4-க்கு மேல் ஒவ்வோர் எண்ணுக்கும் சுமார் 3.3 டெசிபல். 7-லிருந்து 5 என்றால் கிட்டத்தட்ட 7 டெசிபல் இறக்கம். ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். 4-க்குக் கீழே இன்னும் செங்குத்து: ஓர் எண் இறக்கினாலே 20 டெசிபல் போகும்.

‘எல்லாம்தானே குறைகிறது, வசனம் மட்டும் ஏன் காணாமல் போகிறது?’ என்று கேட்கலாம். சண்டைக் காட்சி இசைக்கு 7 டெசிபல் போனாலும் கேட்கும் அளவுக்கு மிச்சம் இருக்கும். தாழ்ந்த குரலில் பேசும் வசனத்துக்கு அந்த மிச்சம் இல்லை. ஏசி இரைச்சலுக்கும் கூட்டத்தின் சலசலப்புக்கும் கீழே போய்விடும். இதில் ஒரு நச்சுச் சுழலும் இருக்கிறது. தியேட்டர்கள் 5-ல் ஓட்டுகின்றன என்று தெரிந்த மிக்ஸிங் பொறியாளர்கள் அதற்கேற்ப உரக்க மிக்ஸ் செய்கிறார்கள். அது அதிகம் என்று தியேட்டர்கள் இன்னும் இறக்குகின்றன. ஒழுங்காக மிக்ஸ் செய்த படம் வந்தால் அது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

தீர்வு, படக் கோப்புகளை வைத்து ஓட்டும் கணினியான சர்வரிலேயே இருக்கிறது. காட்சிப் பட்டியலை அடுக்கும்போது விளம்பரங்களுக்கு முன்னால் ஃபேடரை 5-க்கு இறக்கும் கட்டளையையும், படத்துக்கு முன்னால் மறுபடி 7-க்கு ஏற்றும் கட்டளையையும் சேர்த்துவிட்டால் போதும், ஆள் வேண்டாம். விளக்கை மங்க வைக்கவும் இடைவேளைக்கு அரங்கை ஒளிர வைக்கவும் இதே வசதியைத் தினமும் பயன்படுத்துகிறோம், ஃபேடருக்கு மட்டும் விட்டுவிடுகிறோம். 7 அதிகம் என்று கருதும் சிறிய அரங்குகள் 6.5-ல் நிற்கட்டும். ஆனால் அது ஒரு முடிவாக இருக்க வேண்டும், மறதியாக இருக்கக் கூடாது.

ஃபேடர் சரியாக இருந்தும் வசனம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தால், நடு ஸ்பீக்கரைப் பாருங்கள். வசனம் ஏறக்குறைய முழுதும் அந்த ஒன்றின் வழியாகத்தான் வருகிறது. அதில் தாழ்ந்த ஒலிக்கு ஒரு பகுதியும் உயர்ந்த ஒலிக்கு ஹார்ன் வைத்த இன்னொரு பகுதியும், பல இடங்களில் தனித்தனி ஆம்ப்ளிஃபயர்களோடு, இருக்கும். உயர் ஒலியை எழுப்பும் டிரைவர் என்ற பகுதியின் மெல்லிய டயாஃப்ரம் எரிந்துபோனாலோ அதன் ஆம்ப்ளிஃபயர் நின்றுபோனாலோ சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும். ச, ஷ, ஸ போன்ற ஒலிகள் மட்டும் மழுங்கும். பாட்டும் சண்டையும் மற்ற ஸ்பீக்கர்களிலும் வருவதால் வாரக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாகப் பிங்க் நாய்ஸை விட்டு, அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் நின்று ஒலி மீட்டரில் பார்த்தால் அன்றே பிடிபட்டுவிடும். மீட்டர் ‘சி’ அளவீட்டில், மெதுவான நிலையில் இருக்க வேண்டும். செல்போன் ஆப்பை இதற்கு நம்ப வேண்டாம், அதன் மைக் பேச்சுக்காகச் செய்தது.

சுற்றுப்புற ஸ்பீக்கர்களின் தாமதம் என்று இன்னொன்று உண்டு. ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லி விநாடி ஆகும். திரையிலிருந்து 28 மீட்டர் தள்ளி இருக்கும் கடைசி வரிசைக்கு வசனம் சேர்வதற்குள் படம் இரண்டு ஃபிரேம் நகர்ந்திருக்கும். பக்கச் சுவர் ஸ்பீக்கரோ தலைக்கு அருகில் இருக்கிறது. அதன் ஒலியை வேண்டுமென்றே சற்றுப் பிந்த வைத்தால்தான் காது எப்போதும் திரைப் பக்கம் திரும்பும். இருக்கைகளை மாற்றி அமைத்தாலோ அரங்கை இரண்டாகத் தடுத்தாலோ இந்தக் கணக்கையும் மாற்ற வேண்டும்.

படத்தின் அகல உயரக் குளறுபடிக்கு ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். படக் கோப்பின் பெயரிலேயே எஸ் என்றால் அகலம் கூடிய ஸ்கோப், எஃப் என்றால் அகலம் குறைந்த ஃபிளாட் என்று குறிப்பு இருக்கும். அதைப் பார்த்து லென்ஸ் அமைப்பையும் ஓரத் திரைச்சீலையையும் மாற்ற வேண்டும். ஆனால் பூட்டிய கோப்பைத் திறக்கும் கேடிஎம் என்ற சாவி, அந்த சர்வருக்கு மட்டும், குறித்த நேரத்துக்கு மட்டும் செல்லும். பணப் பிரச்சினை, கடைசி நேர இழுபறி என்று அது காட்சிக்குச் சற்று முன்புதான் வருகிறது. ஆபரேட்டர் படத்தை முதன்முதலில் பார்ப்பதே ரசிகர்களோடு சேர்ந்துதான். ஒரு நாள் முன்னதாகவே கோப்பைத் திறக்கும்படி சாவியை அனுப்பிவிட்டால் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து எல்லாவற்றையும் சரிசெய்ய முடியும். விநியோகஸ்தர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பார்வையாளர்களுக்கு: ‘சவுண்டு சரியில்லை’ என்று கத்தினால் கேபினில் இருப்பவருக்குக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாது. முதல் பத்து நிமிடத்துக்குள் மேலாளரிடம் போய், ‘ஃபேடர் எத்தனையில் இருக்கிறது?’, ‘3டி வடிகட்டியை எடுத்துவிட்டீர்களா?’ என்று கேளுங்கள். விமர்சனம் எழுதுபவர்கள் ஒளியையும் ஒலியையும் குறை சொல்லும்போது எந்த அரங்கில் பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவி.

தியேட்டர் உரிமையாளர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஒரு சிறு பலகை வையுங்கள். விளக்கு மாற்றிய தேதி, திரை நடுவில் கடைசியாக அளந்த ஒளி, நடு ஸ்பீக்கரின் டெசிபல், படம் ஓடும் ஃபேடர் எண் என்று நான்கே வரி. மாதம் ஒருமுறை அளந்து எழுத ஓர் அரங்குக்கு ஒரு மணி நேரம் போதும். தீபாவளி, பொங்கல் படங்களுக்கு முந்தைய வாரத்தில் கட்டாயம் அளந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திரையரங்கு புரொஜெக்டர், ஒலிக்கருவிப் பராமரிப்புப் பணியாளர்கள்,
மதுரை.