பழைய இழைகளை எங்கே கட்டிவைப்பது?

மண்டபம்,
ஜனவரி 2026

அன்பு நண்பா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். நம் தொழில்நுட்பக் குழுவின் பேச்சை, ஒருவர் எழுதுவது எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போகும் மடற்குழுவிலேயே தொடர்வதா, எல்லோரும் ஒரே வலைத்தளத்தில் எழுதும் இணைய மன்றத்துக்கு மாற்றுவதா என்று கேட்டிருந்தாய். சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி எழுந்தபோது மாற்றவே கூடாது என்று கடுமையாக வாதிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால், இம்முறை உடனே பதில் எழுதாமல் பத்து நாள் யோசித்தேன். அந்த யோசனையைத் தொடங்கிவைத்தது மார்கழியில் என் கடையில் நடந்த ஒரு நிகழ்ச்சி. முதலில் அதைச் சொல்கிறேன்.

வாடைக்காற்று பலமாக அடித்ததால் அன்று படகுகள் கடலுக்குப் போகவில்லை. காலையிலேயே நாட்டுப்படகுச் சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர் பாலித்தீன் பையில் சுற்றிய ஜிபிஎஸ் கருவியோடு வந்தார். பொத்தான்களின் இடுக்கில் உப்பு பூத்திருந்த பழைய கருவி. அது காட்டிய தேதி 2006 மே மாதம். அதனால் நிலவு, சூரியோதயக் கணக்குகளும் பொய்யாகிவிட்டன. இனி இது காட்டும் இடத்தை எப்படி நம்புவது என்பதே அவருடைய கவலை. பார் (கடலடிப் பாறை) எங்கே இருக்கிறது, வலை எங்கே சிக்கும், எந்த இடத்தில் மீன் படும் என்று இருபது ஆண்டுகளாக அவர் சேர்த்துவைத்த பாயிண்டுகள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன.

இந்தக் கோளாறை நாம் முன்பே பேசியிருக்கிறோம் என்பது மட்டும் நினைவிருந்தது. அன்று கைபேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை, வீட்டு இணையமும் இல்லை. ஆனால் நம் குழுவின் மடல்கள் எல்லாம் என் கணினியில், தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில், 2006 முதல் அப்படியே இருக்கின்றன. தேடிய ஒரு நிமிடத்தில் 2019 ஏப்ரல் மாத இழை, அதாவது ஒரே பொருளில் தொடர்ந்த மடல்களின் வரிசை, கிடைத்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தைப் பத்து பிட்டுகளில் (இரும இலக்கங்களில்) எண்ணுகின்றன. 1023க்குப் பிறகு எண் மறுபடி சுழியத்துக்குத் திரும்பிவிடும். 1980 ஜனவரி 6 முதல் ஓடும் அந்த எண்ணிக்கை 1999 ஆகஸ்டில் ஒரு முறையும் 2019 ஏப்ரலில் மறுமுறையும் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் தேதியை மட்டும் 1024 வாரம், அதாவது ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டு ஏழு மாதம், பின்தள்ளிக் காட்டக்கூடும், இருப்பிடக் கணக்கு பொதுவாகக் கெடாது என்று நம்மவர் ஒருவர் அதில் பொறுமையாக விளக்கியிருந்தார். துறைமுகத்தின் இருப்பிடத்தை வைத்துச் சரிபார்த்தேன். கருவி காட்டிய இடம் சரியாகவே இருந்தது.

அதே இழையின் இரண்டாவது மடலைப் படித்தபோதுதான் எனக்கு நெஞ்சு படபடத்தது. கருவியை முழுவதுமாக ரீசெட் செய்தால் தேதி சரியாகிவிடும் என்று அதில் ஒருவர் எழுதியிருந்தார். அப்படிச் செய்தால் சேமித்த குறிகள் எல்லாம் அழிந்துபோகும், யாரும் செய்துவிட வேண்டாம் என்ற எச்சரிக்கை ஐந்தாவது மடலில் இருந்தது. முழு இழையும் என்னிடம் இருந்ததால் சம்மாட்டியின் இருபதாண்டு உழைப்பு தப்பியது. நம் ஆவணப் பக்கத்தில் ஒவ்வொரு மடலும் தனித்தனிப் பக்கமாக இருக்கிறது. கூகுளில் தேடி அந்த இரண்டாவது மடலுக்கு மட்டும் வந்து சேர்ந்த ஒரு கடைக்காரர் என்ன செய்திருப்பார்? போன மடலைத் திருத்த முடியாது, அனுப்பியது அனுப்பியதுதான். மன்றமாக இருந்திருந்தால் எழுதியவரோ, பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநரோ அந்தப் பதிவின் தலையிலேயே எச்சரிக்கையைச் சேர்த்திருப்பார்கள். மடற்குழுவின் பெரிய பலத்தையும் பெரிய குறையையும் ஒரே இழையில் அன்று கண்டேன்.

பலத்தை நீ குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். மடல் என்பது ஒவ்வோர் உறுப்பினர் கையிலும் ஒரு படி. அதன் தலைப்பகுதியில் அந்த மடலுக்கே உரிய அடையாள எண்ணும், அது எந்த மடலுக்கு மறுமொழி என்ற குறிப்பும் இருப்பதால், எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் எந்த மென்பொருளிலும் இழையை மறுபடி கோத்துக்கொள்ளலாம். யாகூ குழுமங்களில் தமிழர்கள் எவ்வளவோ எழுதினார்கள். 2019 இறுதியில் அவற்றின் பழைய மடல்கள் தளத்திலிருந்து எடுக்கப்பட்டு, 2020 டிசம்பரில் சேவையே முடிவுக்கு வந்தபோது, யார் யார் பெட்டியில் படி இருந்ததோ அதுதான் மிஞ்சியது. தமிழ்க் கணிமையே மடலில் வளர்ந்த பிள்ளை அல்லவா! பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவில் எழுதிப் பழகியவர்கள்தாம் பின்னர் கணினியில் தமிழுக்கான டிஸ்கி எழுத்துக் குறியீட்டை மின்மடல்களிலேயே விவாதித்து உருவாக்கினார்கள். மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் 1998 முதல் நாடு நாடாகப் பிரிந்திருந்தும் மின்மடலால் இணைந்து பழைய நூல்களைத் தட்டெழுதினார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கரு இன்றுவரை மடற்குழுவில்தான் வளர்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அப்படியே. ஆனால் பைத்தான் நிரல்மொழியின் உருவாக்குநர்களும் லினக்ஸுக்கான க்னோம் திரைமுகப்புக் குழுவினரும் 2022இல் டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளுக்கு மாறினார்கள். அவரவர் வேலைக்கு ஏற்றதை அவரவர் தேர்ந்தார்கள் என்பதால் இதைக் கொண்டு நமக்கு முடிவு சொல்ல முடியாது.

நமக்கு முடிவு சொல்வது வேறொரு செய்தி. தங்கச்சிமடத்துக் கல்லூரி மாணவி ஒருவர் இரண்டு ஆண்டுக்கு முன் நம் குழுவில் சேர்ந்தது உனக்கு நினைவிருக்கிறதா? தம் ஊர்ப் பெண்கள் கடற்பாசி எடுக்கும் நாட்களையும் எடையையும் தமிழில் பதிய ஒரு சிறு செயலி செய்துகொண்டிருந்தார். சில கைபேசிகளில் கொம்பும் காலும் பிரிந்து விழுகின்றன என்று கைபேசித் திரையின் படத்தோடு கேள்வி அனுப்பினார். நம் மடற்குழுவை நடத்தும் மெயில்மேன் மென்பொருள் 40 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை நிறுத்திவைக்கும் இயல்பு அமைப்பிலேயே இருந்தது. அந்த மடலும் மட்டுறுத்துநர் வரிசையில் ஆறு நாள் கிடந்தது. நானும் ஒரு மட்டுறுத்துநர், நானும் பார்க்கவில்லை. அதன்பிறகு வெளிவந்த மடலுக்குக் கிடைத்த முதல் மறுமொழி, பழைய மடலை வெட்டாமல் மேலே பதில் எழுதுவது குழு வழக்கமல்ல என்பது. எழுத்துச் சிக்கலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அவர் மறுபடி எழுதவே இல்லை. போன மாதம் பாம்பன் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கோபமாக ஏதும் சொல்லவில்லை. "அங்க எனக்குப் பழக்கம் பத்தலைன்னு நெனச்சுக்கிட்டேன் சார்" என்றார். அந்தச் சொல் இன்னும் என் மனத்தை அறுக்கிறது.

கைபேசியில் மட்டுமே இணையத்தைப் பார்க்கும் தலைமுறைக்கு மடற்குழுவின் ஒழுங்குகள் கண்ணுக்குத் தெரியாத வேலிகள். மன்றத்தில் படத்தை ஒட்டலாம், பழைய விடையைத் தேடலாம், ஒரே ஓர் இழையை மட்டும் பின்தொடரலாம், தீர்வு இதுதான் என்று குறியிடலாம். சேர்ந்த முதல் நாளிலேயே பத்து ஆண்டுப் பேச்சைப் படிக்கவும் முடியும். மடற்குழுவைத் தொல்லைப்படுத்தும் இன்னொன்றும் உண்டு. 2014 முதல் பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் போலி மடலைத் தடுக்க விதிகளை இறுக்கின. குழு வழியாக வரும் மடலில் தலைப்பும் அடிக்குறிப்பும் சேர்வதால் அனுப்பியவரின் கையொப்பம் முறிந்து, நல்ல மடலும் எரிதப் (ஸ்பாம்) பெட்டிக்குப் போகிறது. நம்மில் பாதிப் பேர் மௌனமானதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வாட்ஸ்அப் போதுமே என்று உன் கடிதத்தின் ஓரத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். போதாது. அங்கே காலையில் சொன்ன விடை மாலையில் நூறு வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. 2019 ஏப்ரலில் ஒருவர் சொன்னதை 2025 மார்கழியில் நான் எடுத்திருக்கவே முடியாது.

ஆகவே மன்றத்துக்கே போவோம் என்பது என் முடிவு. ஆனால் மூன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மன்றத்தின் ஒவ்வொரு பதிவும் விரும்புவோருக்கு மடலாகவும் வரவேண்டும், மடலிலேயே மறுமொழி சொல்லவும் முடியவேண்டும். டிஸ்கோர்ஸில் இரண்டுக்கும் வழி இருக்கிறது. இணையம் விட்டுவிட்டு வரும் இந்தக் கரையில் இருப்பவனுக்கு அது வசதி மட்டுமல்ல, உயிர்நாடி. அடுத்தது, 2006 முதலான மடல்கள் ஒன்றுகூட விடுபடாமல் மன்றத்துக்குள் வரவேண்டும். மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம்: மாதம் ஒரு முறை முழுக் காப்புப் படி இறக்கப்பட்டு, வெவ்வேறு ஊரில் இருக்கும் மூவரிடம் இருக்கவேண்டும். முன்பு நான் சேர்ந்திருந்த வேறொரு சிறு மன்றம், சர்வருக்குப் பணம் கட்டிவந்தவர் உடல்நலமில்லாமல் போனதும் ஒரே வாரத்தில் இல்லாமல் போனது. கடவுச்சொல் அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. அதில் இருந்த மூன்று ஆண்டுக் கேள்வி பதில்கள் இன்று எவரிடமும் இல்லை. மன்றம் ஒரே இடத்தில் இருப்பது என்பதால் அதற்கு இந்தக் காவல் அவசியம்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தாய். டிஸ்கோர்ஸ் 1 ஜிபி நினைவகத்தில் ஓடும் என்றாலும் 2 ஜிபி வைத்துக்கொள்வது நல்லது. என் பங்கை ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பிவிடுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் இருக்கும், என் கடையிலும் வேலை குறைவு. அப்போது நீ வா. புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. நீ மண்டபத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். உன்னிடம் உள்ள 2006, 2007 மடல்களை ஒரு வட்டில் போட்டு எடுத்துவந்தால், என்னுடையவற்றோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்து, மன்றத்தில் ஏற்றிவிடுவோம். ஏற்றியதும் அந்த 2019 இழையின் இரண்டாவது பதிவில் எச்சரிக்கையை நானே சேர்க்கிறேன். மாணவியின் கேள்வியும் அப்படியே மேலே வரட்டும். எழுத்துருச் சிக்கல்களைத் தீர்ப்பதில் நம் குழுவில் உன்னை மிஞ்சியவர் இல்லை, அதற்கு நீ விடை எழுதிவிட்டு வந்தால் முதல் நாளிலேயே பதிந்துவிடலாம்.

உன் நண்பன்