என் அண்ணன் காக்காவுக்கு, வாப்பாவின் காற்றுத் துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்த பிறகு

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். வருகிற வெள்ளிக்கிழமையோடு வாப்பா மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. அன்றைக்கு யாசீன் ஓதுவது பற்றியும் சோறு ஆக்குவது பற்றியும் நம் அக்கா, ராத்தா, உங்களிடம் பேசியிருப்பார். நான் எழுதுவது அதற்காக அல்ல. பரணில் இருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்தது நான்தான். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த இரவில், யாரிடமும் கேட்காமல், வாப்பா அதைச் சுற்றி வைத்திருந்த கைலியோடு என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது எங்கே போயிற்று என்று நீங்கள் ராத்தாவிடம் இரண்டு முறை கேட்டது தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்ததற்கு என்னை மன்னியுங்கள். வாப்பா படுக்கையில் கிடந்தபோது, "அந்தச் சனியனைக் கொண்டுபோய்க் கடலில் போடு" என்று துபாயிலிருந்து தொலைபேசியில் சொன்னவரும் நீங்கள்தான் என்பதால், கேட்டால் எடுத்துப்போக விடமாட்டீர்கள் என்று பயந்தேன்.

இது எல்லோரும் படிக்கும்படி எழுதும் கடிதம். நம் ஊரான கீழக்கரையில் இதைப் படிக்கப் போகிறவர்களுக்காக ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது தோட்டா போடும் துப்பாக்கி அல்ல. 4.5 மில்லிமீட்டர் துளையுள்ள, குழலை மடக்கி இழுக்கும், இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனத்துக் காற்றுத் துப்பாக்கி, இதற்கு உரிமம் தேவையில்லை. பறவைகளைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்று என் மகனிடமும் சொல்லியிருக்கிறேன். வீட்டைப் பற்றியும் சொத்துப் பாகத்தைப் பற்றியும் நமக்குள் இருக்கும் பேச்சை இங்கே எழுதமாட்டேன். அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கைலியைப் பிரித்தபோது குழலும், ஸ்பிரிங் இருக்கும் உருளையும் செங்கல் நிறத்தில் இருந்தன. வாப்பாவின் வாப்பா கொழும்பிலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடி துறைமுகமாக இருந்த நாளில் கொண்டுவந்து இறக்கிய பொருள், முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நம் ஊரின் வாடைக் காற்றையும் உப்பையும் குடித்தபடி பரணில் கிடந்திருக்கிறது. சென்னையில் செய்து தருகிறவர்கள் கேட்ட கூலி என் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்ததால் வீட்டிலேயே செய்யத் துணிந்தேன். துருவை வினிகரில் ஊறவைத்து எடுக்கலாம் என்று பலர் சொன்னார்கள். அமிலம் துருவோடு சேர்த்துப் பழைய நீலக் கறுப்புப் பூச்சையும் தின்றுவிடும் என்பதால் நான் அதைத் தொடவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மிக மெல்லிய இரும்புக் கம்பளியால் பொடித் துருவை எடுத்தேன், மிஞ்சியதைக் கொதிக்கவைத்தேன். சிவப்புத் துரு கொதிநீரில் கறுப்பு ஆக்ஸைடாக மாறிவிடும். அந்தக் கறுப்பு இரும்பை அரிக்காது, எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு என்பதால், அதில் கொதிக்கவைத்தால் மறுநாளே திரும்பவும் துரு வந்துவிடும். ஆகவே பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, குழல் முழுவதும் மூழ்கும்படி தகரத்தில் ஒரு நீளத் தொட்டி அடிக்கச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்துக் குழலைத் தூக்கியபோது அது மை தடவியதுபோல் கறுத்திருந்தது. கம்பளியால் லேசாகத் தேய்த்ததும் உருளையின் மேல் மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய அந்த முத்திரை தெரிந்தது. நாம் அதைக் கூடாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உருளைக்குள் காற்றைத் தள்ளும் பிஸ்டனின் தோல் வாஷர் பொரித்த அப்பளம்போல் கையில் நொறுங்கியது. செருப்புத் தைக்கும் பெரியவரிடம் தடித்த தோலில் ஒரு வட்டம் வெட்டி வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, மர அச்சில் கிண்ணம்போல் அழுத்திக் காயவைத்து, பிறகு எண்ணெயில் இரண்டு நாள் போட்டேன். நீங்கள் வெட்டிய வாஷர் ஒன்று முன்பு இதில் இருந்தது என்பதும், என்னைவிட நீங்கள் ஒழுங்காக வெட்டுவீர்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. கட்டையின் கழுத்தில் இருந்த வெடிப்பில் அரால்டைட் விட்டு, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினேன்.

அந்த வெடிப்பு எப்படி வந்தது என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

மொட்டைமாடிச் சுவரில் பால்மாவு டின் இருந்தது. நீங்கள் குழலை மடக்கிவிட்டு, "குண்டைப் போடு" என்றீர்கள். என் நகம் அளவுகூட இல்லாத அந்த ஈயக் குண்டைக் குழலின் பின்வாயில் வைத்து, இடது ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். அது சரியாக உட்காரவில்லை, பாவாடை மடங்கியதுபோல் அதன் ஓரம் ஒரு பக்கம் வளைந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சத்தம். குழல் தானாக மேலே அடித்து மூடிக்கொண்டது, அந்த அதிர்ச்சியில் கட்டையின் கழுத்தும் வெடித்தது. விரல் எங்கே என்று தெரியாமல் நான் கையைத் தேடிக்கொண்டிருந்தபோது, நீங்கள், "நான் விசையைத் தொடவே இல்லை" என்றீர்கள். என் விரலைப் பார்ப்பதற்கு முன்பே அதைச் சொன்னீர்கள். பல வருடங்களாக நான் உங்களை மன்னிக்காமல் இருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

ராமநாதபுரத்தில் தையல் போட்டுக்கொண்டு திரும்பிய இரவில், பெரியவர்கள் எல்லோரும் கூடியிருந்த தாழ்வாரத்தில், என்ன நடந்தது என்று வாப்பா கேட்டார். காக்கா விளையாட்டுக்கு விசையை இழுத்தார், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். காக்கா, நான் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது வளைந்த ஈயக் குண்டை. எனக்குப் பதினொரு வயது, வலி பொறுக்க முடியவில்லை, யாராவது ஒருவர் அதைச் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதற்கு மேல் என்னிடம் காரணம் இல்லை. அதன் பிறகு பெல்ட்டில் நடந்ததையும், அடுத்த வருடம் உங்கள் பள்ளிக்கூடம் நின்றுபோனதையும், கப்பலில் வேலைக்கு ஏற்றிவிட்டதையும் ஊர் அறியும்.

உருளையின் பின்மூடியைக் கழற்றும்போது ஸ்பிரிங் பாய்ந்துவிடாமல் இருக்க ஆசாரியிடம் நீளக் கிளாம்ப் ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். ஸ்பிரிங்கை வெளியே எடுத்த பிறகு, பிஸ்டனைப் பின்னால் பிடித்து நிறுத்தும் கொக்கியைத் துடைத்துப் பார்த்தேன். கத்திமுனைபோல் நேராக இருக்க வேண்டிய அதன் விளிம்பு, கடலில் உருண்ட கல்போல் மழுங்கிப் பளபளத்தது. கொக்கி மாட்டும் பிஸ்டனின் காடியும் அப்படியே இருந்தது. பிஸ்டனைக் கொக்கியில் மாட்டிவிட்டு, விசையைத் தொடாமல், பின்னாலிருந்து ஒரு மரக்குச்சியால் தள்ளினேன். கொக்கி வழுக்கி விட்டுவிட்டது. பத்து முறை செய்ததில் நான்கு முறை விட்டுவிட்டது. நான் தள்ளியது கைவலுவால். ஸ்பிரிங்கின் வலு அதைவிடப் பல மடங்கு. அந்த நாளுக்குப் பிறகு இந்தத் துப்பாக்கியை யாரும் சுடவில்லை என்பதால், அந்தத் தேய்மானம் அன்றைக்கே இருந்திருக்க வேண்டும். நீங்கள் விசையைத் தொடவில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள்மேல் பழி போட்டது பத்துப் பேர் முன்னால்; அதை எடுப்பதும் மறைவாக இருக்கக் கூடாது. அன்று தாழ்வாரத்தில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு நான் நேரிலும் போய்ச் சொல்லிவிட்டேன். வாப்பாவிடம் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் காக்கா, மடக்கிய குழலைக் கையை விட்டு விலக்கக் கூடாது என்று வாப்பா நம் இருவருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். குண்டு போடும்போது ஒரு கை குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். நீங்கள் பிடித்திருக்கவில்லை. கொக்கி தேய்ந்திருந்தது உண்மை. உங்கள் கை அங்கே இல்லை என்பதும் உண்மை. வாப்பா நான்கு மாதம் படுத்திருந்தபோதும் உங்கள் கை அங்கே இல்லை. பணம் வந்தது, தவறாமல் வந்தது. அவரைத் திருப்பிப் படுக்கவைக்க, வளைந்த விரலோடு நான் ஒருவன்தான் இருந்தேன். இதை எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன், அழிக்கவும் மனம் வரவில்லை. உங்களை வரவிடாமல் வைத்தது நான் சொன்ன அந்தப் பொய்தான் என்றால், இந்தப் பத்தி முழுவதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கொக்கியை அரத்தால் ராவிச் சரிசெய்து தருவதாக லேத் பட்டறையில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த இரும்பின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டது. ராவினால் உள்ளே இருக்கும் மெத்தென்ற இரும்பு வெளியே வந்து, கொஞ்ச நாளில் மறுபடி தேய்ந்து, இன்னொரு பிள்ளையின் விரலை வாங்கிவிடும். பழைய பி.எஸ்.ஏ.க்களுக்குப் புதிதாகச் செய்த பாகங்கள் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. இதுவரை எனக்கு ஆன செலவு, தோலும் தொட்டியும் எல்லாம் சேர்த்து, 2,140 ரூபாய். கொக்கியும் அதன் தபால் செலவும் அதைவிடக் கூடுதலாக வரும். பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. அதை நீங்கள் வரவழைக்க வேண்டும், நீங்கள் வந்து மாட்ட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வேண்டாம், கடலில்தான் போட வேண்டும் என்றால் அதையும் நீங்களே வந்து செய்யுங்கள், நான் தடுக்கமாட்டேன்.

குழலையும் கட்டையையும் ஆளிவிதை எண்ணெய் பூசி வாப்பாவின் அறையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். ஸ்பிரிங்கும் பிஸ்டனும் தேய்ந்த கொக்கியும் எண்ணெய்த் துணியில் சுற்றி, அவருடைய அலமாரியின் இரண்டாவது தட்டில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் தம்பி