பேத்தியின் பேச்சுக்கு ஒரு கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. குறுவை நடவு முடியட்டும், முடியட்டும் என்று தள்ளிப்போட்டதில் நாளாகிவிட்டது. முழங்கால் வலி எனக்கும் அப்படியேதான் இருக்கிறது. வரப்பில் நடக்கும்வரை தெரிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். சின்னவள் ஆடிக்கு வருகிறாள்.

சரி, பேத்தியின் பேச்சுப் போட்டிக்கு வருகிறேன். பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களை இந்தியா வெளியிடுவதில் விவசாயத்தின் பங்கு 1994இல் 28 சதவீதம், 2016இல் 14 சதவீதம். பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று பேசலாமா என்று கேட்டிருக்கிறாய். எண்கள் சரிதான், அரசாங்கம் ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கைகளில் உள்ளவை. ஆனால் அவளை அப்படிப் பேச விடாதே.

எல்லா வாயுவையும் கரியமில வாயுக் கணக்குக்கு மாற்றிச் சொன்னால், 1994இல் நம் விவசாயம் விட்டது சுமார் 34.4 கோடி டன். 2016இல் 40.8 கோடி டன். கூடித்தான் இருக்கிறது. அதே காலத்தில் நாட்டின் மொத்தம் 123 கோடி டன்னிலிருந்து 284 கோடி டன்னுக்குப் போய்விட்டது. பெரும்பாலும் நிலக்கரியும் டீசலும் செய்த வேலை. பந்தியில் இன்னும் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தால் நீ சாப்பிட்டது குறைந்துவிடுமா?

பெருமையாகச் சொல்ல வேண்டுமானால் வேறொன்று இருக்கிறது. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் உணவு தானியம் 19 கோடி டன்னிலிருந்து 27 கோடிக்கு மேலே போனது. பால் 6.4 கோடி டன்னிலிருந்து 16.5 கோடி டன். வாயு கூடியது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு படி பாலுக்கு, ஒரு மூட்டை நெல்லுக்கு என்று பார்த்தால் நிஜமாகவே குறைந்திருக்கிறது. 1992 கணக்கெடுப்பில் பசு, காளை எல்லாம் சேர்த்து 20 கோடிக்கு மேல். 2019இல் 19 கோடிச் சொச்சம். எருமை கூடியிருக்கிறது. உழவு மாடு போய்க் கலப்பினப் பசு வந்தது, அதுதான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் அப்பா வைத்திருந்த இரண்டு ஜோடி உழவு மாடு நினைவிருக்கிறதா? உன்னைக்கூட ஒருமுறை வண்டியோடு வாய்க்காலில் இறக்கிவிட்டதே! அவை விட்ட ஏப்பத்தில் வரும் மீத்தேன் என்ற பசுங்குடில் வாயு விவசாயக் கணக்கில் ஏறும். அவற்றை விற்றுவிட்டு டிராக்டர் வைத்தோம். டிராக்டர் குடிக்கும் டீசல் எரிசக்திக் கணக்கில் போய்விடும். பம்புசெட் மின்சாரமும் அப்படித்தான். யூரியா ஆலையின் புகை தொழிற்சாலை, எரிசக்திக் கணக்குகளில். அதே யூரியாவை வயலில் வீசிய பிறகு கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு பசுங்குடில் வாயு மட்டும் நம் தலையில். ஆக, சுமையில் கொஞ்சம் வேறு பேரேட்டுக்கு மாறியிருக்கிறது, குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. வயலிலிருந்து தட்டுவரை மொத்தமாகச் சேர்த்தால்தான் சாப்பாட்டின் உண்மையான கணக்கு வரும்.

நீ டெல்லிப் புகையைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தாய். மூச்சு முட்டுவது வேறு விஷயம், அதில் நானும் உன் கட்சிதான். ஆனால் 2016 கணக்கில் வைக்கோலும் தட்டையும் எரிப்பது விவசாய வெளியீட்டில் 2 சதவீதம்தான். அதில் வரும் கரியமில வாயுவைச் சேர்ப்பதில்லை, அடுத்த பயிர் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால். சத்தமில்லாமல் அசை போடும் மாடுகள்தான் பாதிக்கு மேல், ஏறக்குறைய 55 சதவீதம். மண்ணில் போடும் உரம் 19, நெல் வயல் 17.5. எல்லாரும் மாட்டின் பின்பக்கத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மீத்தேன் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வருகிறது.

நெல் வயலைப் பற்றி நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் இறங்கி அழுத்தி மிதித்தால், காலைச் சுற்றிக் குமிழ் குமிழாகக் கிளம்பும். சின்ன வயதில் நண்டு மூச்சு விடுகிறது என்று நினைத்தோம். சேற்றில் காற்றுப் படாத இடத்தில் நுண்ணுயிர்கள் செய்கிற மீத்தேன் அதில் இருக்கிறது. நெற்பயிரின் தண்டு வழியாகவும் சத்தமில்லாமல் வெளியேறும்.

இதற்கு மருந்து நம் ஆட்கள் வாயில் எப்போதோ இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது. இந்தத் தடவை ஒரு வயலில் துளை போட்ட பைப் ஒன்றைப் பதித்திருக்கிறேன். பைப்புக்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் மடை திறப்பேன். மீத்தேன் நன்றாகக் குறையும். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் ஏறலாம், அப்படியும் லாபம்தான். தொல்லை வேறு இடத்தில். ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் எவன் வயலைக் காய விடுவான்? மேட்டூர் அணையைப் பார்த்துப் பார்த்து வாழ்பவன், தண்ணீர் வந்ததும் வரப்பு உயரத்துக்குத் தேக்கிக்கொள்வான். நானே மூன்றாம் நாள் வெடிப்பைப் பார்த்துப் பயந்துபோய் மடையை வெட்டிவிட்டேன். பக்கத்து வயல்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

2021இல் கிளாஸ்கோவில் மீத்தேனை 2030க்குள் 30 சதவீதம் குறைப்போம் என்று பல நாடுகள் உறுதிமொழி கொடுத்தபோது இந்தியா சேரவில்லை. அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த வெடிப்பை நினைத்தால் பாதி எரிச்சல் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

அப்புறம், பழைய அறிக்கைகளில் ஒரு டன் மீத்தேனைக் கரியமில வாயுக் கணக்குக்கு மாற்ற 21ஆல் பெருக்கினார்கள். இப்போது 28. அதே மாடு, அதே ஏப்பம், கணக்கில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பேத்தி புது அறிக்கை எதையாவது எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டால் இதைப் பார்க்கச் சொல். 28, 14 என்று சொல்வதாக இருந்தால் பக்கத்திலேயே 34.4, 40.8 இரண்டையும் சொல்லட்டும். நடுவர் கேள்வி கேட்டால் பந்திக் கதை கைகொடுக்கும், என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

எருமை இந்த மாதம் ஈனும். சீம்பால் சாப்பிட வேண்டுமானால் சீக்கிரம் கிளம்பி வா. பைப்பையும் காட்டுகிறேன்.

உன்,
ராமு