போனை எடுக்காததற்குக் காரணம்

ரங்கூன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேக்காளிக்கு,

போன செவ்வாய்க்கிழமை நீ இரண்டு தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை என்று உனக்கு மனக்குறையாம். தங்கச்சி வைபரில் எழுதியிருந்தது. கோபித்துக்கொள்ளாதே. இரண்டு தடவையும் நான் சவாரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் வண்டியில் ஏறியதும் போனைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு, பையைப் பின் சீட்டில் வைத்துவிடுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகும், அழுகையும் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கரண்ட் இல்லை, சார்ஜ் விளக்கில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டில் எல்லோரும் நலம். எனக்கு மூட்டு வலி மட்டும் விடவில்லை. மகள் டியூஷன் எடுக்கிறாள், ராத்திரியில் ஏதாவது படித்துக்கொண்டே இருக்கிறாள். சென்னையில் உன் வியாசர்பாடி அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை இன்னும் ஓடுகிறதா? இங்கே எண்ணெய் விற்கிற விலையில் அத்தோவும் பணக்காரச் சாப்பாடாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்மோடு படித்தாளே, மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு வருவாள், கணக்குப் பாடத்தில் உனக்கு விடை காட்டுவாள், அவளுடைய கடைசி மகன். 23 வயசு. ஒரு சாமான் கடைக்கு லைட் ட்ரக் ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால், விடியக்காலம் ஐந்தரை மணி இருக்கும், தாக்கேத்தா பாலத்துக்கு இந்தப் பக்கம். டேஷ்போர்டில் கிடந்த போன் அடித்திருக்கிறது. முதலாளி. எங்கே வருகிறாய் என்று கேட்கத்தான். பையன் எடுத்துப் பேசக்கூட இல்லையப்பா. யார் என்று பார்க்கக் குனிந்திருக்கிறான். நிமிர்ந்தபோது மோஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கூடைகளைக் காவடி போலத் தோளில் சுமந்துகொண்டு ஒரு பர்மிய அம்மா பாதி ரோட்டில் நின்றிருக்கிறாள். பிரேக் பிடித்தான். போதவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அந்த அம்மா கண்ணை மூடிவிட்டாள்.

பையன் ஓடவில்லை. இதை நீ மனதில் வைத்துக்கொள். கூட்டம் கூடி அவனை அடித்திருக்கிறது, காது கிழிந்து தையல் போட்டிருக்கிறது. அடி வாங்கிக்கொண்டே, ஒரு சைக்கா (மூன்று சக்கர சைக்கிள் வண்டி) ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அந்த அம்மாவைத் தூக்கித் தன் ட்ரக்கிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தான். போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. கேஸ் 304-ஏ, கவனக்குறைவால் ஆள் சாகக் காரணமானது. வெள்ளைக்காரன் எழுதி வைத்த அதே சட்டம், அதே நம்பர். உங்கள் ஊரில் அது 2024 ஜூலையிலிருந்து 106 ஆகிவிட்டது. அந்த வருஷம் ஜனவரியில் வடக்கே லாரிக்காரர்கள் ஸ்ட்ரைக் செய்தபோது நீ போனில் சொன்னது எனக்கு மறக்கவில்லை: ஓடினால் பத்து வருஷம் என்று சட்டம், நின்றால் ஜனங்கள் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயம், அவன் என்ன செய்வான் என்றாய். இந்தப் பையன் நின்றான்.

வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்குப் போனேன். பிரசாதம் வாங்க நிற்கிற இடத்தில் இதே பேச்சு. கஞ்சா அடித்திருப்பான் என்றார் ஒருவர். தாய் வளர்த்த லட்சணம் என்றது ஒரு பெண் குரல். அவன் கஞ்சாவைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. சனிக்கிழமை தோறும் கோயிலில் இலை எடுத்தவன், இவர்களுடைய இலையையும் சேர்த்துத்தான் எடுத்தான். அப்போது ஒரு பெரியவர் சொன்னார், மனுநீதிச் சோழன் பெற்ற பிள்ளையையே தேர்க்காலில் இட்டான், இவனுக்கு என்ன தயவு தாட்சண்யம் என்று. எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

எனக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அந்தக் கதையை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். கன்று துள்ளிக்கொண்டு ஓடிவந்து தேர்க்காலில் விழுந்தது, இளவரசன் பார்க்கவில்லை. மந்திரிகள் பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள். ராஜா கேட்கவில்லை. பசு என்ன துக்கம் படுகிறதோ அதே துக்கத்தை நான் படவேண்டும் என்றான். அவன் கொடுத்தது தன் மகனை. கோயில் வாசலில் நின்றுகொண்டு அந்தப் பெரியவர் தேர்க்காலில் தூக்கிப் போட்டது ஊரான் பிள்ளையை. இரண்டும் எப்படி ஒன்றாகும்? அந்த நேரத்தில் எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாய் திறந்திருப்பேனா தெரியாது. ஏனென்றால் என் மடியிலும் கனம் இருந்தது.

இதை வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். அதே வாரம், அந்த விபத்துக்கு மூன்று நாள் முன்னால், லேடான் மேம்பாலத்துக்குக் கீழே வந்துகொண்டிருந்தேன். வைபரில் டிங் என்று சத்தம். மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். போனைக் கையில் எடுத்தேன், விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். அவள் வாங்கிய புது லுங்கித் துணியில் பூ எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். தலையைத் தூக்கினால் முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு கண் நிறைய நிற்கிறது. பிரேக்கை மிதித்த மிதியில் கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரம் முன்னால் போய் மோதித் திரும்பியது. இறங்கிப் பார்த்தேன். பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண். சவாரியாக வந்த பர்மியப் பெண் மார்பில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தாள், அவ்வளவுதான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அந்தப் பையன் போனைப் பார்த்த நேரத்தைவிட நான் பார்த்த நேரம் அதிகம். அவன் வேலைக்காகப் பார்த்தான், நான் பூவைப் பார்த்தேன். எனக்கு முன்னால் தகரம், அவனுக்கு முன்னால் ஒரு தாய். அவன் லாக்கப்பில் இருக்கிறான், நான் கோயிலில் பொங்கல் வாங்குகிறேன்.

மகளிடம் பொதுவாகப் பேசுவது போல, நடந்ததை வைத்தே ஆளை எடை போடுகிறார்களே, இது என்ன நியாயம் என்று கேட்டேன். 1966-ல் எலைன் வால்ஸ்டர் என்ற அமெரிக்க உளவியல்காரப் பெண்மணி செய்த ஒரு சோதனையைச் சொன்னாள். மேட்டில் நிறுத்திவிட்டுப் போன கார் ஒன்று தானாக உருண்டுவிட்டது என்று ஒரே கதையைப் பலருக்குச் சொன்னார்களாம். சிலருக்குக் காருக்கு மட்டும் லேசான சேதம் என்றும், சிலருக்கு ஆளுக்கு அடிபட்டது என்றும் முடிவை மாற்றிச் சொன்னார்கள். நிறுத்தியவன் செய்தது ஒன்றேதான். முடிவு பெரிதானதும் அவன்மேல் போட்ட பழியும் பெரிதானது. பின்னால் இதே போலச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சொன்னாள். எனக்குச் சோதனை வேண்டியதில்லை, கோயில் வாசலில் என் காதால் கேட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னாள். 1997-ல் கனடாவின் டொரோண்டோவில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லைப் பார்த்திருக்கிறார்கள். போனில் இருக்கும் நேரத்தில் விபத்து நடக்கும் ஆபத்து நாலு மடங்கு. காதில் மாட்டிக்கொண்டு கை படாமல் பேசினவர்களுக்கும் ஆபத்து குறையவில்லையாம். நான் இத்தனை நாளும் காதில் மாட்டிக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். உன்னோடு அப்படித்தானே ஒரு மணி நேரம் பேசுவேன்? நம் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மூன்று வினாடி குனிந்தால் நாலு பஸ் நீளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம்.

உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். 1970 டிசம்பர் 6, இடதுபக்கம் ஓடிய வண்டியெல்லாம் வலதுபக்கம் மாறிய நாள். நமக்கு ஒன்பது வயசு. செவர்லெட் பஸ்ஸில் அவருக்குப் பின்னால் நாம் இரண்டு பேரும் தொற்றிக்கொண்டு நின்றோம். அன்று அவர் நம்மிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெற்றிலைகூடப் போடவில்லை. ஒவ்வொரு முனையிலும் உதடு மட்டும் அசைந்தது, வலது, வலது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஸ்பேர், அதாவது ஓட்டுநருக்கு உதவியாக வருகிற ஆள், கதவில் தொங்கிக்கொண்டு முன்னாலும் பின்னாலும் பார்த்துக் குரல் கொடுத்தபடியே வந்தார். ரோடு மாறிய பிறகும் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளுக்கு ஸ்டியரிங் வலதுபக்கம்தான். நடு ரோடு நமக்கு எட்டாத பக்கத்தில் இருக்கும். அதனால்தான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பார் உன் அப்பா. இந்தப் பையனின் ட்ரக்கில் ஸ்பேர் கிடையாது. ஒரு கூலி மிச்சம். இரண்டு கண் குறைந்துபோன வண்டியில் போன் வேறு. ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் விற்ற சிம் கார்டு 2014-ல் 1500 சாட்டுக்கு (பர்மா பணம்) வந்ததும் நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம், ஞாபகம் இருக்கிறதா? முதல் போன் உனக்குத்தான் போட்டேன், ஓட்டிக்கொண்டே.

அந்த முதலாளியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. பையனின் வீட்டுக்கு வந்து, நான் கூப்பிட்ட நேரம் அப்படி என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டுகிறான் என்று தெரிந்தே நாமும்தான் கூப்பிடுகிறோம். எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்கிறோம்.

பையனை விட்டுவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு உயிர் போயிருக்கிறது. காலையில் சுமை தூக்கிப் பிழைத்த அம்மா, தாக்கேத்தாவில் பலருக்கு அவள் கையால்தான் பசியாறும். அவன் தண்டனை அனுபவிக்கட்டும், அவனே அதைத்தான் சொல்கிறான். பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மாமா, கூடை உருண்ட சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, பன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் செய்த தப்பு போனுக்குக் கை நீட்டியது. அந்தத் தப்பை நான் எத்தனை வருஷமாகச் செய்கிறேன், என் வண்டியில் ஏறிய யாரும் ஒரு நாளாவது, போனை வையுங்கள் என்று சொன்னதில்லை. ஆள் செத்த பிறகு அத்தனை பேருக்கும் வாய் வருகிறது.

அந்த அம்மாவுக்கு ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போட்டார்கள். பையனின் தாய், நம்மவள், போகவேண்டும் என்றாள். அக்கம்பக்கத்தார் தடுத்தார்கள், அடிப்பார்கள் என்றார்கள். நான்தான் என் வண்டியில் கூட்டிப்போனேன். அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க வெளியே பார்த்தபடி வந்தாள். வாசலில் இறங்கியவளுக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. இறந்தவளின் மகள், முப்பது வயசு இருக்கும், வந்து பார்த்தாள். யார் என்று தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசவில்லை. மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள், பாயை விரித்தாள், எல்லோருக்கும் வைத்தது போல லப்பேத் (ஊறவைத்த தேயிலை) தட்டையும் வெறுந்தேநீரையும் முன்னால் வைத்தாள். இவள் கை நடுங்கித் தட்டை எடுக்க முடியவில்லை. அந்தப் பெண் தட்டைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்தவருக்குத் தேநீர் ஊற்றப் போய்விட்டாள். இதை மன்னிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சொல்லை அவள்தான் சொல்லவேண்டும். ஆனால் கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரையும்விட அவளுக்குத்தான் திட்டுவதற்கு உரிமை இருந்தது. அவள் திட்டவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு நம்மவளோடு நான் போகிறேன். வக்கீல் செலவுக்கு நம் பழைய செட்டில் கொஞ்சம் திரட்டுகிறோம். அந்த அம்மாவின் வீட்டுக்கும் அதில் பாதி கொடுப்பதாகப் பேச்சு. உன்னால் முடிந்ததை அனுப்பு, முடியாவிட்டால் பரவாயில்லை.

அப்புறம், பகலில் என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டு நான் எடுத்துவிட்டால், வண்டியில் இருக்கிறாயா என்று கேள். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடு. உன் தம்பிக்கும் அப்படியே செய், லாரியில் இருப்பவன். நான் ராத்திரி எட்டு மணிக்கு வண்டியை உள்ளே விட்டுவிடுவேன், குளித்துச் சாப்பிட ஒன்பது ஆகும். உனக்கு அப்போது எட்டு. அந்த நேரத்துக்குக் கூப்பிடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவோம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
மூன்றாவது பெஞ்சுக்காரன்