வாக்கிங் மட்டும் போதாது, உட்கார்ந்து எந்திரிக்கவும் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

காலையில எந்த பார்க்குக்குப் போனாலும் அறுபதைத் தாண்டினவங்க கூட்டம் கூட்டமா நடக்கிறாங்க, 2023-ல அரசாங்கமே ‘நடப்போம் நலம் பெறுவோம்’னு ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் பாதை ஒதுக்குச்சு, நல்ல விஷயம், அதைக் குறை சொல்ல வரல. ஆனா அதே ஆளுங்களை கோயில் அன்னதானத்துல தரையில உட்காரச் சொல்லிப் பாருங்க, பாதிப் பேர் சேர் கேப்பாங்க, மீதிப் பேர் உட்கார்ந்துட்டு எந்திரிக்க ஆள் தேடுவாங்க. சுகருக்கும் இதயத்துக்கும் நடை நல்லதுதான், ஆனா தொடைக்கும் இடுப்புக்கும் வேண்டிய பலம் வெறும் நடையில பெருசா வர்றதில்ல.

எங்க மாமியாருக்கு வயசு 71. தினமும் முக்கால் மணி நேரம் நடப்பாங்க, சுகர் கண்ட்ரோல்ல இருக்கு. ஆனா தரையில உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சாங்கன்னா அவ்வளவுதான், ஒருக்களிச்சு, கட்டில் காலைப் பிடிச்சு, ஒரு முட்டியை ஊனி, "முருகா"ன்னு எந்திரிக்கறதுக்குள்ள நமக்கே மூச்சு வாங்கிரும். பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் சொல்லிக் குடுத்தது ரொம்ப சாதாரணம்: நாற்காலியை செவுத்தோட ஒட்டிப் போட்டு, கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு எந்திரிச்சு நிக்கணும், திரும்ப உட்காரும்போது தொப்புனு விழாம மெதுவா இறங்கணும். அந்த இறங்குறதுலதான் விஷயமே இருக்கு, தொடை நடுங்கும். முட்டி வலி இருந்தா ஒரு தலகாணி போட்டு உயரத்தை ஏத்திக்கலாம், பி.பி. இருக்கறவங்க மூச்சை அடக்கக் கூடாது. கூடவே கிச்சன் மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குறது, ஒத்தக்கால்ல நிக்கிறது. இப்ப அவங்க டவுன் பஸ்ல யார் கையையும் எதிர்பாக்காம ஏறுறாங்க, கீரைக்கு மட்டும் இன்னும் கட்டில் கால் வேணும், பரவாயில்ல.

இது நான் சொல்ற கதை மட்டும் இல்லீங்க. உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே தசைக்கான பயிற்சி வாரத்துல ரெண்டு நாளாவது வேணும், 65 தாண்டினவங்க பலமும் பேலன்ஸும் சேர்ந்த பயிற்சி மூணு நாளாவது செய்யணும்னு இருக்கு. 1990-லயே பாஸ்டன்ல முதியோர் இல்லத்துல 90 வயசை ஒட்டினவங்களுக்கு 8 வாரம் காலுக்கு வெயிட் பயிற்சி குடுத்துப் பாத்தாங்க, கால் பலம் சராசரியா ரெண்டு மடங்குக்கு மேல கூடுச்சு. அதனால "இனிமே எனக்கெதுக்கு"ன்னு யாரும் சொல்ல வேண்டாம்.

எங்க பார்க்ல ஓப்பன் ஜிம்னு வச்சிருக்காங்க, பாதி மெஷின்ல பேரிங் போயிருச்சு, மீதியில பிள்ளைங்க ஊஞ்சல் ஆடுது, பெரியவங்க பக்கத்துலயே போறதில்ல, எப்படி செய்யணும்னு சொல்லவும் ஆளில்ல. அதுக்குப் பதிலா சரியான உயரத்துல நாலு பெஞ்ச், பிடிச்சுக்க ஒரு கம்பி, இது போதும். மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்றாங்க, ஆனா அது படுக்கையில விழுந்த பிறகு. விழுறதுக்கு முன்னாடியே வாரத்துல ஒரு காலை பார்க்குக்கு வந்து சொல்லிக் குடுத்தா என்னவாம்? சம்பந்தப்பட்ட அதிகாரிங்க யோசிக்கணும்.

உங்க பேப்பர்லயும் வாரம் ஒரு பயிற்சி படத்தோட போடுங்களேன், எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி