நனைந்த கொப்பிகளை உலர்த்தித் தந்தவர்களுக்கு

வணக்கம்.

கடந்த வாரங்களில் வெள்ளத்தால் நடந்தது இன்னதென்று மட்டக்களப்பில் எவருக்கும் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. முந்தனை ஆறு எதுவரை ஏறியது, புலிபாய்ந்தகல் வீதி எத்தனை நாள் நீருக்குள் கிடந்தது, யார் எந்தப் பாடசாலையில் பாய் விரித்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நவம்பர் 27 ஆம் திகதி நிறுத்தப்பட்ட உயர்தரப் பரீட்சை டிசம்பர் 4 ஆம் திகதி மீண்டும் தொடங்கியதும் தெரியும். இடையில் கிடைத்த அந்த ஒரு வாரத்தில், வந்தாறுமூலையில் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் எஞ்சியிருந்த கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரேயொரு வேலையைப் பொறுப்பெடுத்தோம். வெள்ளத்தில் நனைந்த பாடக் கொப்பிகளை, அவற்றுக்குரிய பிள்ளைகள் மறுபடி பரீட்சை மண்டபத்துக்குள் நுழைவதற்குள், வாசிக்கக் கூடிய நிலைக்குக் கொண்டுவந்து கொடுப்பது. அது முழுமையாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். நடந்த அளவுக்கு நடந்ததற்குக் காரணமானவர்களில் பெரும்பாலானோர் எங்கள் குழுவில் இல்லாதவர்கள் என்பதால், பரீட்சை முடியும்வரை காத்திராமல் இப்போதே இதை எழுதுகிறேன்.

அரிசி மூட்டை நனைந்தால் வேறு மூட்டை தரலாம். இரண்டு வருடம் வகுப்பில் இருந்து, ரியூசனில் இருந்து, தன் கையால் எழுதிச் சேர்த்த குறிப்பு நனைந்தால் அதற்கு ஈடாக எதையும் நிவாரணப் பொதியில் வைக்க முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையில், ஐந்து வீதம் மட்டக்களப்பும் அம்பாறையும் உட்படப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற கணக்கெல்லாம் இருக்கிறது. ஆனால் வெள்ளத்துக்கென்று, அந்த அனுமதியைத் தீர்மானிக்கும் இசற் புள்ளியில் ஒரு தசமம்கூடக் கூட்டிப் போடுவார் இல்லை. நாங்கள் எல்லோரும் அந்தத் தசமங்களில் தப்பி வந்தவர்கள். ஆகவே முதல் நாள் ஒரு மாணவி உரப்பையில் சுமந்துவந்த கொப்பிகளைப் பார்த்தபோது எங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் நாங்கள் செய்தது பிழை. ஆலயத்தார் திறந்துவிட்ட மண்டபத்தில், சீ.ஆர். என்ற தடித்த கொப்பிகளைத் தறப்பாளில் பரப்பி, ஒட்டிக்கிடந்த ஒற்றைகளை விரலால் பிரித்து எடுக்கப் பார்த்தோம். நனைந்த தாளுக்கு இழுவையைத் தாங்கும் பலம் கிடையாது என்பது அங்கிருந்த விஞ்ஞான பீடத்து மாணவர்களுக்கும் உறைக்கவில்லை. ஒரு கொப்பியில் கால்வாசிக்கு மேல் எங்கள் கையாலேயே கிழித்தோம். அதற்குரிய பிள்ளையிடம் நேரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இங்கும் கேட்கிறேன். குமிழ்முனைப் பேனையால் எழுதியவை எண்ணெய் மையின் புண்ணியத்தால் பெரும்பாலும் நின்றிருந்தன. பென்சிலால் கீறிய வரைபடங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஜெல் பேனையால் அழகாக எழுதியவர்களின் பக்கங்களில்தான் நீலமும் ஊதாவும் கலந்து ஓடியிருந்தன. மின்சாரம் இல்லை. வெயிலும் இல்லை. ஈரத் தாளில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள் காலை ஒருவர் சைக்கிளில் வந்து, பழைய பத்திரிகைத் தாள் இருந்தால் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டார். வந்தாறுமூலைக்கும் செங்கலடிக்கும் இடையில் சிறியதொரு லோன்றி வைத்திருப்பவர். அவருடைய கடைக்குள்ளும் தண்ணீர் வந்து போயிருந்தது; ஊராரின் உடுப்புகளை மறுபடி கழுவி மடித்து வைத்திருந்தார், சுற்றிக் கொடுக்கத் தாள் இல்லை. எங்களிடமும் மிச்சமாக எதுவும் இருக்கவில்லை. இல்லை என்றோம். அவர் போகவில்லை. நாங்கள் ஒற்றைகளைப் பிரிப்பதைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "இப்பிடி உரிச்சா எல்லாம் நாறாப் போகும் தம்பி. கொஞ்சம் பொறுங்க, வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். உண்மையைச் சொன்னால், அவர் திரும்பி வருவார் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

ஒரு மணித்தியாலத்தில் வந்தார். சைக்கிளின் பின்கரியரில் ஓர் உரப்பை நிறையச் சிரட்டைக்கரி. கைப்பிடியில் தொங்கிய பையில் ஒரு பழைய கரி இஸ்திரிக்கைப் பெட்டி. மின்சாரப் பெட்டிதான் கடையில் வழமையாகப் பாவிப்பதென்றும், இது தன் தகப்பனுடையது, பரணில் கிடந்ததால் நனையவில்லை என்றும் சொன்னார். முற்றத்தில் மூன்று கல் வைத்துக் கரியை மூட்டி, கனிந்த பிறகு பெட்டிக்குள் போட்டு, சாம்பல் போகும்படி வெளியே நின்று நாலைந்து தரம் வீசி ஆட்டினார். விரல் நுனியில் தண்ணீர் தொட்டு அடியில் சுண்டிப் பார்த்தார். 'சுர்' என்றது. தாளுக்கு அந்தச் சூடு கூடாதென்று வேலியோரத்து வாழையிலை ஒன்றைப் பறித்து அதன்மேல் பெட்டியை இழுத்து இழுத்துச் சூட்டைத் தணித்தார். அதற்கப்புறந்தான் கொப்பியைக் கேட்டார்.

அவர் செய்த முறையை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன், ஏனெனில் மாரி அடுத்த வருடமும் வரும். கொப்பியைத் திறக்கவே கூடாது. மூடியபடியே இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தித் தண்ணீரை வடிய விட வேண்டும். பிறகு மேல் ஒற்றையின்மீது பழைய வேட்டித் துணியொன்றை விரித்து, பெட்டியை ஓரிரு வினாடி வைத்து எடுக்க வேண்டும். உடுப்புக்கு இழுப்பதுபோல் இழுக்கக் கூடாது. ஆவி எழும்பும்போது மேல் ஒற்றை தானாகவே கீழ் ஒற்றையை விட்டுச் சற்று விலகும். அந்தக் கணத்தில் மூலையைப் பிடித்துத் திருப்பி, இடையில் ஓர் உலர்ந்த பத்திரிகைத் தாளைச் செருக வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஒற்றைக்கு ஒருமுறை துணியை மாற்ற வேண்டும். இவ்வளவுதான். சேற்று நாற்றமும் சிரட்டைக்கரிப் புகையும் கலந்த ஒரு மணம் அந்த மண்டபத்தில் நான்கு நாட்கள் நின்றது. எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

காலையில் வருவார், இருட்டும்வரை நிற்பார். இரண்டாம் நாளிலிருந்து எங்களில் இருவருக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு, கடினமான கொப்பிகளை மட்டும் தான் எடுத்துக்கொண்டார். நான் எடுத்த ஒரு கொப்பியில், பேச்சுக் கவனத்தில் பெட்டியைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டேன். சேதன இரசாயனக் குறிப்பில் பென்சீன் வளையத்துக்குப் பக்கத்தில் பெட்டியின் மூக்கு வடிவத்தில் ஒரு மண்ணிறத் தழும்பு விழுந்தது. திகிலிவெட்டையிலிருந்து சந்திவெளித் துறைக்குப் படகேறி வந்த மாணவியுடையது அது. அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்துத் தெரிகிறதுதானே, வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் தேநீர் குடிக்கும்போது எங்கள் நண்பன் ஒருவன், உங்களுக்குக் கம்பஸில் சொந்தக்காரப் பிள்ளைகள் யாரும் படிக்கிறார்களா என்று அவரிடம் கேட்டான். இல்லை என்று தலையாட்டிவிட்டு, "தொண்ணூறில நாங்க அங்கதான் தம்பி படுத்த. ஒரு லெக்சர் ஹோலுக்க" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 1990 இல் ஆயிரக்கணக்கான மக்கள் எங்கள் வளாகத்தில் தஞ்சமடைந்திருந்ததையும், அவ்வருடம் செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமற் போனதையும் நாங்கள் நினைவு நாட்களில் கேட்டிருக்கிறோம். 1981 இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களில் தொடங்கிய இடம் இது என்பதையும் புதுமுக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் நாங்கள் பாடம் கேட்கும் மண்டபத்தின் தரையைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் படுத்தெழும்பிய இடமாக அறிந்த ஒருவர், முப்பத்துநான்கு வருடம் கழித்து, எங்களுக்கு முன்னால் குந்தியிருந்து யாரோ ஒரு பிள்ளையின் பொருளியல் கொப்பியை ஒற்றை ஒற்றையாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது, எனக்குச் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று நெஞ்சில் அடைத்தது. அன்று பின்னேரம் மண்டபத்தில் வழமையான பகிடிகூட இருக்கவில்லை.

மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். வாசிக்கவே முடியாமற் போன பகுதிகளை விரிவுரைக் கொப்பியிலிருந்து அல்லாமல் தங்கள் சொந்த உயர்தரக் குறிப்பிலிருந்து தேடியெடுத்து மறுபடி எழுதித் தந்த மருத்துவ, விஞ்ஞான பீட நண்பர்கள். உயிரியல் படங்களை எங்கள் எவராலும் முடியாத நேர்த்தியில் கீறித் தந்த கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்கள். கடந்தகால வினாத்தாள்களைக் கட்டாகச் சேர்த்து அனுப்பிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத் தோழர்கள். மூட்டை மூட்டையாகப் பழைய பத்திரிகைகளைத் தேடித் தந்ததோடு மதியச் சாப்பாட்டையும் அனுப்பிய ஏறாவூர்க் கடைக்கார நானாமார். தமிழ் எழுத்துத் தெரியாததால் பக்க எண்களைப் பார்த்து ஒற்றைகளை அடுக்கித் தந்த சிங்கள மாணவ நண்பர்கள். கடதாசிக் காசு மட்டும் வாங்கிய போட்டோக்கொப்பிக் கடை. கொப்பிக் கட்டுகளைப் பயணிகளுக்கு முன்னால் ஏற்றி இறக்கிய படகுக்காரர்கள். மண்டபத்தைத் திறந்துவிட்டுத் திறப்பையும் எங்கள் கையில் தந்த ஆலயத்தார். முதலில் நாங்கள் இடம் கேட்ட வேறோரிடத்தில் கடிதம் கேட்டார்கள், பிறகு அந்தக் கடிதத்துக்கு மேலொப்பம் கேட்டார்கள். ஒப்பம் வந்தபோது கொப்பிகள் உலர்ந்துவிட்டன. அதையும் ஒரு நன்றியாகவே வைத்துக்கொள்கிறேன், அவர்கள் தந்திருந்தால் வேலியோரத்தில் வாழை இருந்திராது.

மூன்று வருடமாக நான் இந்தத் தொண்டர் குழுவில் இருக்கிறேன். இரத்ததான முகாம், சிரமதானம், கடற்கரை துப்புரவு, நூல் சேகரிப்பு என்று வருடத்துக்குப் பல நிகழ்ச்சிகள் செய்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பதாகை அடித்திருக்கிறோம், சான்றிதழ் அச்சிட்டிருக்கிறோம், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழ் உதவும் என்று சொல்லித்தான் புதுமுக மாணவர்களைச் சேர்த்திருக்கிறோம். அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. உதவுகிற சான்றிதழை வேண்டாம் என்று சொல்லக் கூடிய வசதி எங்களில் பலருக்கு இல்லை. ஆனால் நாங்கள் நடத்திய நிகழ்ச்சிகளில் ஊர்மக்கள் எப்போதும் வரிசையில் நிற்பவர்களாகவும் நாங்கள் மேசைக்குப் பின்னால் நிற்பவர்களாகவுமே இருந்திருக்கிறோம் என்பது இந்த முறைதான் எனக்குத் தெரிந்தது. ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதல் நாள் ஒரு கொப்பி கிழிந்திராது.

ஆகவே குழுவில் எல்லோருமாக முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த ஐப்பசியில், மாரி இறங்குவதற்கு முன்னர், கிரான் பக்கத்து ஊர்களுக்குத் தடித்த பொலித்தீன் பைகளோடும் இறப்பர் பட்டிகளோடும் போவோம். உயர்தரப் பிள்ளைகளின் குறிப்புகளை ஒற்றை ஒற்றையாகத் தொலைபேசியில் படம் பிடித்து வைப்போம். குமிழ்முனைப் பேனையால் எழுதச் சொல்லி மன்றாடுவோம், ஜெல் பேனையின் அழகை யாரும் கைவிடப் போவதில்லை என்று தெரிந்தாலும். கரிப்பெட்டியில் தாள் உலர்த்தும் பயிற்சியும் ஒன்று நடக்கும். பதாகை இல்லை. பழக்கித் தரும்படி லோன்றி மாமாவிடம் கேட்டிருக்கிறோம். சிரித்தார், ஓம் என்று இன்னும் சொல்லவில்லை.

கடைசி நாள் பின்னேரம் எங்களுக்குள் சேர்த்த சிறு தொகையை ஓர் உறையில் போட்டு நீட்டினோம். அவர் அதை வாங்காமல் மூலையில் குவிந்து கிடந்த பத்திரிகைத் தாள்களைக் காட்டினார். கொப்பிகளுக்கிடையில் இருந்து ஈரமாகி, காய்ந்து, சுருண்டு போனவை. அவற்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முதல் நாள் வந்ததே அதற்குத்தானே என்று எங்களுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தாள்களை முழங்காலில் வைத்து நீவி, கட்டாகக் கட்டி, கரியரில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது, நீலமும் ஊதாவும் ஊறியிருந்த அந்தத் தாள்களில் ஊராரின் வெள்ளைச் சேட்டுகள் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. சாயம் பிடிக்காதா என்று கேட்டேன். "காஞ்ச மை தம்பி, ஒட்டாது" என்றார்.

அந்தப் பெட்டியின் மூடிக் கொக்கி உடைந்து, சைக்கிள் கம்பியால் கட்டியிருக்கிறது. செங்கலடியில் ஒட்டுவேலை செய்கிற ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறோம். பெட்டியைத் தந்தால் போதும்.

நன்றியுடன்,
தொண்டர் குழுவினர் சார்பில் ஒரு மாணவன்
வந்தாறுமூலை, டிசம்பர் 2024