கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. என் கண்ணுக்கு அவள் இன்னும் பள்ளிக்கூடப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போகிற குழந்தைதான். இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தினமும் கொஞ்ச தூரம் நடக்கிறேன்.

கடைசிப் பத்தியில் உன் ஆட்டோமேட்டிக் வண்டியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதுதான் இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் மேலே போகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் வெடுக்கென்று பிடித்து இழுக்கிறது என்கிறாய். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த மெக்கானிக், 'கியர்பாக்ஸ் போச்சு, மாற்றிவிடுங்கள்' என்று சொல்லிவிட்டாராம். போயிருக்கவும் கூடும். ஆனால் ஒரு சுற்று ஓட்டியதை வைத்து அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது. கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்த்தாரா, வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டாரா, ஆயில் பிரஷர் அளந்தாரா என்று நீ எழுதவில்லை. இவை நடக்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதே.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அவரிடம் பேச உனக்குச் சுலபமாக இருக்கும். கையால் கியர் போடுகிற வண்டியில், இன்ஜின் இழுவையைப் பிடித்தும் விட்டும் கொடுக்கிற கிளட்ச் ஒன்றுதான். ஆட்டோமேட்டிக்கில் பல. இன்று நிறைய எஸ்யூவிகளில் இருக்கும் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டியை எடுத்துக்கொள். அதில் நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழலும் பிளானட்டரி கியர் செட்டுகள் நான்கு, அவற்றைப் பிடிக்கவும் விடவும் ஐந்து கிளட்சும் பிரேக்கும். எந்த கியரில் போனாலும் ஐந்தில் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். அந்தப் பிடி முழுக்க ஆயில் பிரஷரால் வருவது. கியர்களுக்கு வழுவழுப்பும் குளிர்ச்சியும் தருகிற அதே ஆயில்தான் கிளட்ச் பிளேட்டுகளையும் அழுத்துகிறது. பிரஷர் குறைந்தால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கும். கிணற்றுக் கயிறு கையிலிருந்து நழுவி ஓடும்போது உள்ளங்கை எரியுமே, அப்படித்தான் பிளேட்டின் மேல்பூச்சு கருகுகிறது. அதனால் ஸ்லிப் ஆகும் வண்டியை 'ஓடுகிறவரை ஓடட்டும்' என்று விடக்கூடாது. ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிக்கொண்டே போகும்.

சரி, எப்போது வழுக்குகிறது? எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது இந்தப் பதில்தான். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது வழுக்கி, கொஞ்ச தூரம் போனதும் சரியாகிவிடுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ரப்பர் சீல்கள் வயதாகி இறுகியிருக்கும், அல்லது ஆயில் குறைவாக இருக்கும். மாறாக, காலையில் நன்றாக ஓடி, நெரிசலிலோ ஏற்றத்திலோ சூடேறிய பிறகு வழுக்கினால் கதை வேறு. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும். ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்ப்பிலோ, அதை அந்தந்த கிளட்சுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியிலோ தேய்மானம் இருந்தால் நீர்த்த ஆயில் அந்த இடுக்கு வழியாகக் கசிந்து பிரஷர் விழும். வளைவில் திரும்பும்போது மட்டும் வழுக்கினால் முதலில் ஆயில் அளவைச் சந்தேகப்படு, ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுத்திருக்கலாம். குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் என்றால் அந்த கியருக்கான கிளட்ச், அல்லது அதற்கு ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வான சோலனாய்டு. எல்லா கியரிலும் என்றால் பொதுவான இடம், அதாவது ஆயில், ஃபில்டர், பம்ப். ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வா. நல்ல மெக்கானிக்குக் கையில் கிடைக்கிற அந்தக் குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சமமான சாலையில், லேசாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போது வண்டி கடகடவென்று அதிர்ந்தால் அது பெரும்பாலும் மேலே சொன்ன கியர் கிளட்சுகளின் ஸ்லிப் அல்ல. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர்; ஒரே வேகத்தில் போகும்போது இரண்டையும் நேராகப் பூட்டுகிற அதன் லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கிற அதிர்வு. ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு கியர் பெட்டிகளில் சில ஆண்டுகளுக்கு முன் இதுதான் பெரிய புகாராக இருந்தது. அதற்கு அந்த நிறுவனம் தன் சர்வீஸ் அறிவிப்பில் சொன்ன வைத்தியம், பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி வேறு வகை ஆயிலை நிரப்புவது. அந்த வைத்தியத்துக்குக் கியர்பாக்ஸை இறக்கவே தேவையில்லை.

ஆயில் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்ப ஆதங்கம் உள்ள இடம் இது. இன்ஜின் ஆயில்போல கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம்: ஆயில் தேங்கும் அடித்தட்டான பேனின் கேஸ்கெட், ஆக்ஸில் சீல், கூலருக்குப் போகும் குழாய். கசிவை அடைக்காமல் ஆயிலை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. புது ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கருத்து, கருகல் வாடை அடித்தால் பிளேட்டுகள் ஏற்கனவே தீய்ந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கிறது, வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யாதே. 2005 முதல் 2010 வரை வந்த நிஸான் பாத்ஃபைண்டர்களில், ரேடியேட்டருக்குள் இருந்த ஆயில் கூலரில் விரிசல் விட்டு கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய்விடும் கோளாறு அமெரிக்காவில் வழக்கு வரை போனது. கூலன்டிலிருக்கும் கிளைகால் கிளட்ச் பிளேட்டின் பூச்சையே பெயர்த்துவிடும்.

'இந்த ஆயிலை வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பாதே. பெட்டியைச் செய்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. ஏழு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஏற்றம் ஏறுகிற கனமான குடும்ப வண்டிக்கு அதற்கும் முன்னால் மாற்றினால்கூட நல்லதுதான். உன் வண்டியின் கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி, அதாவது டிப்ஸ்டிக், இல்லை என்று நினைக்கிறேன். அப்படியிருந்தால் வண்டியை மட்டமாகத் தூக்கி, இன்ஜின் ஓடும்போது, ஆயில் சூடு கையேட்டில் சொன்ன டிகிரியில் இருக்கும்போது பிளக்கைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். குத்துமதிப்பாகப் பார்க்கிற வேலையல்ல. ஆயில் வகையும் அப்படியே: கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான், 'எல்லாத்துக்கும் சேரும்' என்று எழுதியிருப்பது வேண்டாம். உன் வண்டி படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி வகை என்றால் இதைப் போல இரண்டு மடங்கு கவனம், அதன் ஆயிலே தனி.

பழைய வண்டியில் மெஷின் வைத்து ஆயில் முழுவதையும் தள்ளி வெளியேற்றும் ஃப்ளஷ் செய்யலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. பிளேட் ஏற்கனவே தேய்ந்திருந்தால் புது ஆயில் அதைக் காப்பாற்றாது, மாற்றிய பின் பெட்டி போனால் பழி ஆயில் மேல் விழும். நானாக இருந்தால் பேனைக் கழற்றி, ஃபில்டரையும் மாற்றி, வடிகிற அளவுக்கு மட்டும் புதிதாக ஊற்றுவேன். டார்க் கன்வெர்ட்டரில் பழைய ஆயில் தங்கிவிடும் என்பதால் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை வடித்து மாற்ற வேண்டும். பேனைக் கழற்றும்போது நீ பக்கத்தில் நில். அடியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை, அது சாதாரணத் தேய்மானம். கருப்புச் செதில்களோ உலோகச் சில்லுகளோ கிடந்தால் மெக்கானிக் சொன்னது சரி, பெட்டியைப் பிரித்துச் சீர்செய்கிற ஓவர்ஹாலுக்குத் தயாராகிவிடு. இரண்டும் இல்லாமல் வால்வ் பாடியோ சோலனாய்டோ என்று வந்தால், பல வண்டிகளில் அதைப் பெட்டியை இறக்காமலே மாற்றிவிடலாம்.

ஸ்கேனர் போடச் சொல். கோளாறுகளை அது எண்களாகக் காட்டும். பி 0731 முதல் பி 0735 வரை ஏதாவது வந்தால் எந்த கியர் வழுக்குகிறது என்று அதுவே சொல்லிவிடும்: கடைசி எண் 1 என்றால் முதல் கியர், 2 என்றால் இரண்டாவது, இப்படி. பி 0741 வந்தால் டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். பி 0700 மட்டும் வந்தால், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் இன்னும் கோளாறு எண்கள் இருக்கின்றன, அவற்றையும் படிக்கச் சொல்.

அதுவரை குடும்பத்தோடு நெடுந்தூரம் கிளம்பாதே. முந்தும்போது பிடி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வண்டி நின்றே போனால் கயிறு கட்டி இழுக்க விடாதே, உன்னுடையது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, மேலே ஏற்றிக்கொண்டு போகிற லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆயில் நிறமும் ஸ்கேனரில் வந்த எண்களும் தெரிந்ததும் உடனே எழுது. அவர் மறுபடி கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றால் காரணத்தை எழுதி வாங்கி எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல். மகளுக்கு என் ஆசீர்வாதம், முதல் மாதம் எப்படிப் போகிறது என்று அவளையே ஒரு வரி எழுதச் சொல்லேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்